"நீ எங்க அம்மாதானா?": நீலி கதை கேட்ட ஐந்து வயதுப் பையன்

கோவையிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். (அடையாளங்கள் மாற்றப்பட்டுள்ளன.) மகனுக்கு ஐந்து வயது, யு.கே.ஜி. படிக்கிறான். ஆறு மாதம் முன்பு வரை வீட்டிலிருந்தே வேலை பார்த்தவர், இப்போது தினமும் அலுவலகம் போகவேண்டியிருக்கிறது. பேரனைப் பார்த்துக்கொள்ள நாகர்கோவில் பக்கத்திலிருந்து மாமியார் வந்திருக்கிறார். இரவில் தூங்கவைப்பதும் ஆச்சிதான். ஆச்சியின் கதைகளில் முனி, மாடன், இசக்கி, கள்ளியங்காட்டு நீலி எல்லாரும் வருகிறார்கள்.

இரண்டு மாதமாகப் பையன் தனியாக பாத்ரூம் போக மறுக்கிறான். ஒன்றரை வருடமாக நின்றிருந்த படுக்கை நனைப்பது திரும்ப வந்துவிட்டது. வாரத்தில் ஓரிரு நாள், தூங்கி ஒன்றரை மணி நேரத்துக்குள் எழுந்து உட்கார்ந்து அலறுகிறான். கண் திறந்திருக்கிறது, ஆனால் பக்கத்திலிருக்கும் அம்மாவைத் தெரியவில்லை. காலையில் கேட்டால் எதுவும் நினைவில்லை. இதையெல்லாம்விட அவரை உலுக்கியது வேறொன்று. ஒரு நாள் மாலை வீடு திரும்பியவரிடம் மகன் எட்ட நின்றுகொண்டு, "நீ எங்க அம்மாதானா? இல்ல, அம்மா மாதிரி வந்திருக்கியா?" என்று கேட்டிருக்கிறான்.

"பயந்த கோளாறு, மந்திரிச்சுக் கயிறு கட்டினா சரியாயிரும்" என்கிறார் மாமியார். "நாங்களும் இதே கதையைக் கேட்டுத்தானே வளர்ந்தோம்" என்கிறார் கணவர். பயந்த குழந்தையின் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படும் என்று வாட்ஸ்ஆப்பில் படித்த இவர், ஆச்சியின் கதைகளுக்குத் தடை போட்டுவிட்டு, வெளிநாட்டுத் தேவதைக் கதைப் புத்தகங்கள் வாங்கி வைத்திருக்கிறார். வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. மாமியாரை ஊருக்கே அனுப்பிவிடலாமா என்பது அவர் கேள்வி. கடிதத்தின் நடுவே போகிறபோக்கில் இன்னொரு வரியும் இருக்கிறது: "சாப்பிட அடம்பிடித்தால் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும் என்று நானும் சொல்வதுண்டு. ஆனால் அது சும்மா சொல்வதுதானே டாக்டர்?"

அன்புள்ள சகோதரிக்கு,

பெற்ற பிள்ளை எட்ட நின்று அப்படிக் கேட்டால் எந்தத் தாய்க்கும் மனம் பதறத்தான் செய்யும். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகனின் மூளைக்கு எதுவும் ஆகிவிடவில்லை. ஒரு கதையால் குழந்தையின் மூளை நிரந்தரமாகக் கெடுவதில்லை. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அடி, உதை, கைவிடப்படுதல் என்று வாழும் குழந்தைகளைப் பற்றிச் சொல்லப்படுவதை எடுத்து, ஆச்சி மடியில் கதை கேட்கும் குழந்தைக்குப் பொருத்திவிட்டது அந்த வாட்ஸ்ஆப் செய்தி.

அவன் கேட்ட கேள்வியைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் கடிதத்தின் சாவி அதில்தான் இருக்கிறது. நீலி கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். முற்பிறவியில் தன்னைக் கொன்றவனைப் பழிவாங்க நீலி தேடி வருகிறாள். கள்ளிக் கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவர் என் புருஷன், என்னை விட்டுவிட்டு ஓடுகிறார்" என்று ஊர்ப் பெரியவர்களிடம் முறையிடுகிறாள். அவன் அலறியும் ஊர் நம்பவில்லை. உன் உயிருக்கு ஏதாவது ஆனால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்து இருவரையும் ஒரே வீட்டில் தங்கவைக்கிறார்கள். விடிவதற்குள் அவன் இறந்துகிடக்கிறான். சொன்ன சொல் தவறாமல் வாக்குக் கொடுத்த பெரியவர்கள் 70 பேரும் உயிர்விடுகிறார்கள். வடக்கே திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் பழையனூரை வைத்தும், உங்கள் மாமியாரின் ஊர்ப்பக்கம் கள்ளியங்காட்டை வைத்தும் இது சொல்லப்படுகிறது. திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இதன் குறிப்பு இருக்கிறது. அவ்வளவு பழைய, அவ்வளவு வலிமையான கதை.

இதில் பெரியவர்களை அசைப்பது நீதியும் வாக்கும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அவை எட்டாது. அவனுக்கு எட்டுவது ஒன்றுதான்: பார்க்கப் பெண்ணாக, இடுப்பில் பிள்ளையோடு அம்மாவாக வருகிறவள் வேறு யாரோ. ஆறு மாதமாக உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது? எந்நேரமும் கூப்பிட்ட குரலுக்கு இருந்த அம்மா காலையில் போய் இருட்டிய பிறகு வருகிறார். வரும்போது களைத்திருக்கிறார், சில நாள் சிடுசிடுக்கிறார். அம்மா மாறிவிட்டார் என்பதை அவன் முன்பே உணர்ந்திருக்கிறான், அதைச் சொல்ல அவனிடம் வார்த்தை இல்லை. நீலி அந்தப் பயத்துக்கு ஒரு முகம் கொடுத்தாள். பயம் கதையில் பிறக்கவில்லை, ஏற்கெனவே வீட்டில் இருந்தது. கதையை மட்டும் தடை செய்தால் முகம் போகும், பயம் போகாது. வேலைக்குப் போவது தவறென்று நான் சொல்லவில்லை. அந்தக் குற்ற உணர்வை இதோடு சேர்த்துச் சுமக்காதீர்கள். வீடு திரும்பியதும் ஒரு கால் மணி நேரம், கைப்பேசியும் சமையலும் இல்லாமல், அவன் சொல்லும் விளையாட்டை விளையாடுங்கள். இந்தப் பயத்துக்கு நான் முதலில் எழுதித் தரும் மருந்து அதுதான்.

அவன் மறுபடி அப்படிக் கேட்டால் சிரிக்கவும் வேண்டாம், அழவும் வேண்டாம். "அம்மாதான். வா, கண்டுபிடி பாப்போம், நேத்து நாம ரெண்டு பேரும் என்ன சாப்பிட்டோம்?" என்று விளையாட்டாக்குங்கள். ஒரு முறை சொன்னால் போதும். பத்து முறை சத்தியம் செய்தால், சந்தேகப்பட ஏதோ இருக்கிறது என்றுதான் அவனுக்குப் புரியும்.

கதை வேறு, மிரட்டல் வேறு

பேய்க் கதையே கூடாது என்ற முடிவுக்கு நீங்கள் வந்திருக்கிறீர்கள். அதோடு எனக்கு உடன்பாடில்லை. நான்கு வயதிலிருந்து ஆறேழு வயது வரை இருட்டு, பேய், கட்டிலுக்கடியில் ஒளிந்திருப்பது போன்ற பயங்கள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் வரும், ஒரு கதைகூடக் கேட்காத குழந்தைக்கும் வரும். கற்பனை வளர்கிற வயது அது. இல்லாததை மனதில் உண்டாக்கத் தெரிந்துவிடுகிறது, உண்டாக்கியதை விரட்டத் தெரிவதில்லை. நம்பிக்கையான ஒருவரின் மடியில் உட்கார்ந்து கொஞ்சம் பயந்து, கதை முடிந்ததும் அந்தப் பயம் இறங்குவதை உடம்பால் உணர்வது குழந்தைக்கு ஒரு பயிற்சி. பயம் வரும், போகும், நாம் இருப்போம் என்று அது கற்றுக்கொள்கிறது.

இதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. கதை நடப்பது வேறெங்கோ, வேறொரு காலத்தில் இருக்கவேண்டும். கதையில் வரும் சின்ன ஆள் கடைசியில் தப்பிக்கவேண்டும். கேட்கிற குழந்தை 'போதும்' என்றால் நிறுத்த முடியவேண்டும். இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது மிரட்டல். "சோறு தின்னலைன்னா பூச்சாண்டிகிட்ட பிடிச்சுக் கொடுத்துருவேன்" என்பதில் பூச்சாண்டி இங்கேயே, இப்போதே, உனக்காகவே வருகிறான். முடிவும் இல்லை, தப்பும் வழியும் இல்லை. அதைவிட முக்கியம், பிடித்துக் கொடுக்கப்போவது அம்மா. எந்த நெஞ்சில் ஒளிந்துகொள்ள வேண்டுமோ அதுவே எதிர்ப்பக்கம் போய்விடுகிறது.

இப்போது உங்கள் போலீஸைப் பார்ப்போம். வருத்தப்படாமல் கேளுங்கள். ஆச்சியின் முனி கதையைவிட உங்கள் ஒரு வரி மிரட்டல்தான் இந்த வயதுக்கு அதிகம் உறுத்தக்கூடியது. அதில் ஆபத்தும் இருக்கிறது. நாளைக்கே மருதமலைக் கூட்டத்தில் அவன் கை விட்டுப்போனால் யாரிடம் போய் நிற்கவேண்டும்? காக்கிச் சட்டையைப் பார்த்ததும் ஓடி ஒளிகிற பிள்ளையை எப்படிக் கண்டுபிடிப்பது? "டாக்டர் ஊசி போட்டுருவார்" என்று பழக்கிய குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் தொண்டையைத் திறந்து பார்க்கக்கூட முடியாமல் நாங்கள் தவிக்கிறோம். 'பிள்ளை பிடிக்கிறவன்' என்ற பூச்சாண்டியோ பெரியவர்களையும் விட்டுவைப்பதில்லை. 2018 மே மாதம் போளூர் அருகே, கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியைப் பிள்ளை பிடிப்பவர் என்று நினைத்து ஒரு ஊரே அடித்ததில் அவர் இறந்துபோனார். வாட்ஸ்ஆப் வதந்தி தீ மூட்டியது உண்மைதான். ஆனால் அது பற்றிக்கொண்ட பயம் தொட்டிலிலிருந்தே நமக்குள் ஊட்டப்பட்டது என்றே நான் நினைக்கிறேன். போலீஸ், டாக்டர், சாக்குப்பையோடு தெருவில் போகிறவர் ஆகிய மூவரையும் வைத்து மிரட்டுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். ஆச்சிக்கும் இதே விதி என்று சொல்ல அப்போதுதான் உங்களுக்கு வாய் வரும்.

வாங்கிவந்த புத்தகங்களைப் பற்றி

வண்ணப் படங்களோடு வருவதால் அவை மென்மையானவை என்று எண்ணவேண்டாம். 1697-ல் பிரான்சில் பெரோ என்ற எழுத்தாளர் அச்சிட்ட சிவப்புத் தொப்பிச் சிறுமி கதையில் ஓநாய் சிறுமியைத் தின்றுவிடுகிறது, கதை அங்கேயே முடிகிறது. வேட்டைக்காரன் வந்து வயிற்றைக் கிழித்துக் காப்பாற்றுவது பின்னால் ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் கொடுத்த முடிவு. அவர்களே 1812-ல் வெளியிட்ட முதல் பதிப்பில், ஹேன்சல், கிரெட்டல் என்ற அண்ணன் தங்கை கதையில், பஞ்சத்தில் பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிடலாம் என்று சொல்பவள் பெற்ற தாய். அவளைச் சித்தியாக மாற்றியது பிந்தைய பதிப்புகளில்தான். குழந்தைகளின் கைக்குப் போகிறது என்று தெரிந்த பிறகு அவர்களும் மாற்றினார்கள். கேட்பவருக்கு ஏற்பக் கதையைத் திருப்பிச் சொல்லும் அந்த உரிமை உங்கள் ஆச்சிக்கும் உண்டு.

யூடியூப் விஷயத்தில் நான் இன்னும் கண்டிப்பானவன். ஆச்சி சொல்லும் முனி, குழந்தை தாங்கக்கூடிய அளவுக்குத்தான் அதன் மனதில் உயரமாக நிற்பார். பயந்தால் ஆச்சி முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்துவார். திரை அப்படிச் செய்யாது. பல்லும் ரத்தமும் யாரோ வரைந்தபடியே வந்து விழும், ஒன்று முடிந்தால் அடுத்தது தானாக ஓடும். சாப்பாட்டுக்காக ஓடவிடும் வீடியோக்களில் பேய்க் கதை கார்ட்டூன்கள் வருகின்றனவா என்று பாருங்கள். கைப்பேசியின் வரலாற்றுப் பட்டியலில் தெரிந்துவிடும். ஆச்சிமேல் பழிபோட்ட பிறகு உண்மையான காரணம் அங்கே இருப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறோம்.

கணவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. அவர் இதே கதைகளைக் கேட்டுத்தான் வளர்ந்திருப்பார், ஆனால் எப்படிக் கேட்டார்? வரிசையாகப் பாய் விரித்து, சித்தப்பா பிள்ளைகள், அத்தை பிள்ளைகளோடு படுத்து, ஒருவனை ஒருவன் சீண்டிச் சிரித்துக்கொண்டு கேட்டிருப்பார். பாத்ரூம் போக நாலு பேர் துணைக்கு வந்திருப்பார்கள். நீலி கதையோ கோயில் கொடையில் விடிய விடிய வில்லுப்பாட்டாகப் பெரியவர்களுக்குப் பாடப்பட்ட கதை. அதைத் தனியாகப் படுக்கும் ஒரு குழந்தையின் காதில் இருட்டில் சொல்வது புதுப் பழக்கம், ஊர்ப் பழக்கமல்ல. மாமியாருக்கே இதைச் சொன்னால் புரியும்.

இரவில் அலறுவது நீலியால் அல்ல

நீங்கள் விவரித்திருப்பது கெட்ட கனவு இல்லை. கெட்ட கனவு பெரும்பாலும் பின்னிரவில் வரும். குழந்தை முழுதாக விழித்துக்கொள்ளும், அம்மாவைக் கட்டிக்கொள்ளும், என்ன கண்டது என்று சொல்லும். உங்கள் மகனுக்கு வருவது தூங்கிய முதல் சில மணி நேரத்துக்குள், ஆழ்ந்த உறக்கத்திலிருந்து பாதி மட்டும் விழிப்பதால் வரும் இரவுத் திகில். கண் திறந்திருந்தாலும் அவன் உறக்கத்தில்தான் இருக்கிறான். அதனால்தான் உங்களைத் தெரியவில்லை, காலையில் நினைவும் இல்லை. தூக்கக் குறைவு, காய்ச்சல், நிறைந்த சிறுநீர்ப்பை, மனக்கலக்கம் போன்றவை இதைத் தூண்டும். பரம்பரையாகவும் வரும். உங்கள் கணவர் சின்ன வயதில் இப்படி எழுந்து அலறியதுண்டா, தூக்கத்தில் நடந்ததுண்டா என்று மாமியாரிடமே கேட்டுப் பாருங்கள்.

அந்த நேரத்தில் உலுக்கி எழுப்பவேண்டாம், முகத்தில் தண்ணீர் தெளிக்கவேண்டாம். கட்டிலிலிருந்து விழாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள். சில நிமிடங்களில் தானே படுத்துவிடுவான். தூங்கும் நேரத்தை அரை மணி நேரம் முன்னால் கொண்டுவாருங்கள். ஒரே நேரத்தில் வருகிறதென்றால், அதற்குக் கால் மணி நேரம் முன்பாக மெல்ல எழுப்பிச் சிறுநீர் கழிக்கவைத்துத் திரும்பப் படுக்கவையுங்கள். இரண்டு மூன்று வாரம் செய்தால் பலருக்கு நின்றுவிடுகிறது. வளர வளரத் தானாகவும் மறையும்.

கயிறு கட்டுவதற்காக மாமியாரோடு சண்டை போடாதீர்கள். கழுத்தில் மட்டும் வேண்டாம், தூக்கத்தில் இறுக்கும். கையிலோ இடுப்பிலோ கட்டட்டும். ஆனால் "பிள்ளையைப் பேய் பிடிச்சிருக்கு" என்று அவன் காதுபட யாரும் பேசக்கூடாது. புகை போடுவது, வேப்பிலையால் அடிப்பது போன்றவற்றுக்கு அழைத்துப்போவதை உறுதியாக மறுத்துவிடுங்கள், அதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

மாமியாரை ஊருக்கு அனுப்புவதா?

வேண்டாம். பகலெல்லாம் அவனோடு இருக்கும் ஒரே ஆள் அவர். அம்மா பாதி நாள் இல்லாமல் போன வீட்டிலிருந்து ஆச்சியும் திடீரென்று மறைந்தால், அவன் பயப்படுவது நியாயமாகிவிடும். நீலிக்காகப் பெரியவர்கள் சண்டை போட்டு ஆச்சியே போய்விட்டார் என்றால், நீலி எவ்வளவு நிஜம் என்று அவன் முடிவு செய்வான் என்பதையும் யோசியுங்கள்.

மாமியாரிடம் பேசுவது உங்கள் கணவரின் பொறுப்பு. மருமகள் சொன்னால் தடை, மகன் கேட்டால் வேண்டுகோள். "அம்மா, நீங்க சொல்ற கதை அவனுக்கு வேணும். நீலி கதையைப் பத்து வயசுக்கு மேல சொல்லுங்க. இப்ப பயந்த பிள்ளை தப்பிச்சு வர்ற கதையாச் சொல்லுங்க" என்று கேட்கட்டும். அவருக்குத் தெரியாத கதையா? மகள் வீட்டுக்குப் போன கிழவி திரும்பி வரும்போது சுரைக்குடுக்கைக்குள் உட்கார்ந்து காட்டு மிருகங்களை ஏமாற்றி உருண்டே வந்த கதை இருக்கிறது. வேலை தராவிட்டால் தின்றுவிடுவேன் என்ற பூதத்திடம் நாய் வாலை நிமிர்த்தக் கொடுத்த கதை இருக்கிறது. இரண்டிலும் பயம் உண்டு, சிரிப்பும் உண்டு. இருட்டிய பிறகு வேண்டாம், மாலையில் வெளிச்சத்தில் சொல்லட்டும். படுக்கும்போது பழகிய, அலுத்துப்போன கதையே நல்லது.

ஏற்கெனவே கேட்டுவிட்ட நீலியை என்ன செய்வது? பேசாமல் விட்டால் அவள் அவன் மனதில் பாதிக் கதையாகவே நிற்பாள். உங்கள் மாமியாரின் ஊரில் அந்தக் கதை கொலையோடு முடிவதில்லை. கோபம் தணிந்த நீலி இசக்கியம்மனாகிறாள். முப்பந்தலில் அவளுக்குக் கோயில் இருக்கிறது. பிள்ளை வரம் வேண்டி அவளிடம் தொட்டில் கட்டுகிறார்கள், கையில் பிள்ளையோடு அவளுக்குச் சிலை வைக்கிறார்கள். பிள்ளைகளைக் காப்பவளாகத்தான் அந்த ஊர் அவளைக் கும்பிடுகிறது. அந்த மிச்சக் கதையை ஆச்சி ஒரு பகல் பொழுதில் அவனை மடியில் வைத்துச் சொல்லட்டும். நீங்கள் சொன்னால் எடுபடாது, பயத்தை யார் கொடுத்தாரோ அவர் வாயிலிருந்து வரவேண்டும். அவன் விரும்பினால் நீலியைப் படமாக வரையட்டும், மீசை வைக்கட்டும், கிழித்துப் போடட்டும்.

பாத்ரூம் விஷயத்தில் "ஆம்பளப் பிள்ளை பயப்படலாமா" என்ற பேச்சு வேண்டாம். சின்ன இரவு விளக்கு ஒன்று போடுங்கள். முதல் சில நாள் கூடவே போங்கள், பிறகு வாசலில் நில்லுங்கள், பிறகு அறையிலிருந்தே குரல் கொடுங்கள். ஒவ்வொரு படியும் அவனுக்குச் சலித்த பிறகு அடுத்த படிக்குப் போகலாம்.

இவ்வளவும் செய்து ஒரு மாதத்துக்கு மேலாகியும் பயம் குறையாமல் பள்ளிக்குப் போக மறுத்தாலோ, உங்களை விட்டு நகரவே முடியாமல் போனாலோ, சாப்பாடும் விளையாட்டும் குறைந்தாலோ, குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள். நேரில் போக முடியாத நாளில் மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416-ல் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். யாராவது அவனை அடித்து, பூட்டிவைத்து, தொடக்கூடாத இடத்தில் தொட்டு மிரட்டியிருக்கலாம் என்ற சந்தேகம் துளி வந்தாலும் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். வேனில், பள்ளியில், பக்கத்து வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்பதை ஒரு முறை சாதாரணமாக விசாரித்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. ஒன்றரை வருடம் நின்றிருந்த படுக்கை நனைப்பு திரும்பி வந்தால் அதை எப்போதும் பயத்தின் கணக்கில் எழுதிவிடக்கூடாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், அரிதாகச் சர்க்கரை நோய்கூட இப்படித் தலைகாட்டும். பகலிலும் அடிக்கடி தண்ணீர் கேட்கிறானா, அடிக்கடி சிறுநீர் போகிறானா, எடை குறைகிறதா என்று கவனியுங்கள். இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டி, சிறுநீரும் ரத்தச் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். மேலே சொன்ன அறிகுறிகள் இருந்தால் நாளை வரை காத்திருக்காமல் இன்றே அழைத்துப் போங்கள்.